கன்டெய்னர் வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம்? சேலத்தில் புதிதாக லோடு ஓட்டுவோருக்கு

வண்டி வாங்கிய மூன்றாவது வாரம், செவ்வாய்ப்பேட்டையில் 48 மூட்டை ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டேன். ஆர்.சி. புத்தகத்தை (வண்டியின் பதிவுச் சான்று) பார்த்து, காகிதத்தில் கழித்து, 20 கிலோ மிச்சம் வைத்துத்தான் ஏற்றினேன். தருமபுரியை நெருங்கும்போது சோதனையில் நிறுத்தி எடை மேடைக்கு அழைத்துச் சென்றார்கள். சீட்டில் 8,080 கிலோ என்று வந்தது. என் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,490 கிலோ.

590 கிலோ எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று புரியவில்லை. அபராதம் கட்டினேன். எட்டு மூட்டைகளை இறக்கி மாற்று வண்டியில் ஏற்றினேன். அந்த வண்டிக்கு வாடகை 3,500 ரூபாய், ஏற்று இறக்குக் கூலி 1,200 ரூபாய். ஒரு நாள் முழுதும் போயிற்று. அந்த எட்டு மூட்டைக்கு எனக்குக் கிடைக்க வேண்டிய வாடகையோ வெறும் 640 ரூபாய்.

14 அடி, 17 அடி மூடிய பாடி வண்டியை வாங்கித் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் சேலத்தில் இன்று நிறையப் பேர். அவர்கள் இந்த வழியாக வர வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முதல் இரண்டு படிகளையும் முடித்துவிடுங்கள்.

1. ஆர்.சி.யில் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்

முதல் எண், வண்டியின் வெறும் எடை. 'அன்லேடன் வெயிட்' என்று இருக்கும். இரண்டாவது எண், வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்ற மொத்த எடை. 'கிராஸ் வெஹிகிள் வெயிட்' அல்லது 'லேடன் வெயிட்' என்று போட்டிருக்கும். லாரித் தொழிலில் இருப்பவர்கள் 'பாஸிங்' என்று சொல்வது இதைச் சுற்றித்தான். ஆனால் ஒருவர் 'நாலு டன் பாஸிங்' என்று சொன்னால் அது சரக்கின் எடையா, மொத்த எடையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பொருளிலும் சொல்கிறார்கள்.

சாலையில் உங்களை நிறுத்துபவர் பார்ப்பது இரண்டாவது எண்ணை மட்டும்தான். எத்தனை மூட்டை, என்ன சரக்கு என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எடை மேடையில் வரும் எண் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) எடை வரம்பை உயர்த்தியது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நான்கு சக்கரம் உள்ள இரண்டு ஆக்சில் லாரிக்கு உச்ச வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. உங்கள் 14 அடி வண்டிக்கும் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு சக்கரங்கள்தான். அதனால் '18 டன் வரை சட்டமே அனுமதிக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். அது சாலை தாங்குவதற்கான உச்ச வரம்பு. உங்கள் வண்டி தாங்குவதற்கானது அல்ல. உங்கள் வரம்பு உங்கள் ஆர்.சி.யில் எழுதியிருப்பது மட்டுமே. அதேபோல, இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டுக் காணொளிகளில் 26,000 பவுண்ட் என்று ஒரு கணக்கு அடிக்கடி வரும். அது அமெரிக்காவில் எந்த வண்டிக்கு எந்த உரிமம் என்று பிரிக்கும் கோடு. நமக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2. வெறும் வண்டியை நீங்களே எடை போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

என் ஆர்.சி.யில் வெறும் எடை 3,150 கிலோ என்று இருந்தது. அபராதம் கட்டிய மறுநாள் வண்டியைக் காலியாக எடை மேடையில் ஏற்றினேன்: 3,570 கிலோ. 420 கிலோ கூடுதல். காரணம் எளிது. பதிவு செய்தபோது அந்த வண்டிக்குத் திறந்த பாடி இருந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் பிறகு அதைக் கழற்றிவிட்டு, மேற்புறமும் நான்கு பக்கமும் தகடு அடித்த கன்டெய்னர் பாடி கட்டியிருக்கிறார். ஆர்.சி.யில் திருத்தவில்லை. நானும் வண்டியின் இன்ஜினைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

பாடி மாறாத வண்டியிலும் எடை ஏறும். தரையில் கூடுதலாக ஒரு தகடு, பின்கதவுக்கு வலுவான சட்டம், உள்ளே பலகை, கேபினுக்கு மேலே சாமான் கட்டும் கம்பி என்று ஒவ்வொரு உரிமையாளரும் ஏதாவது சேர்ப்பார். ஒவ்வொன்றும் சின்னது. கூட்டினால் இரண்டு மூட்டைக்கு மேல் வந்துவிடும்.

எடை போடும் முறை இது. டீசல் டேங்கை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். 90 லிட்டர் டீசல் ஏறத்தாழ 75 கிலோ. ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, மரக்கட்டை, தார்ப்பாய் என்று நீங்கள் லோடு ஓட்டும்போது என்னவெல்லாம் வண்டியில் இருக்குமோ அத்தனையும் இருக்கட்டும். ஓட்டுநரும் உதவியாளரும் கீழே இறங்கி நில்லுங்கள். சட்டப்படி வெறும் எடை என்பது வழக்கமான உபகரணங்கள் சேர்ந்தது, ஓட்டுநரும் உதவியாளரும் சேராதது. எடைச் சீட்டில் வண்டி எண், தேதி, நேரம் மூன்றும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

எடை மேடைகள் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி, கருப்பூர் என்று புறவழிச்சாலை ஓரமெல்லாம் இருக்கின்றன. எடையளவு முத்திரைச் சான்று சுவரில் மாட்டியிருக்கும். அதன் தேதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு முறைக்கு 100 ரூபாய் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. பெரிய லாரிகளுக்கான மேடைகள் 10 கிலோ, 20 கிலோ படிகளாகத்தான் எண் காட்டும். ஆகவே ஒரே நாளில் இரண்டு மேடைகளில் போட்டு, இரண்டில் எது அதிகமோ அதையே உங்கள் வெறும் எடையாக வைத்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் செலவு. அந்த 200 ரூபாயை நான் முதல் வாரத்தில் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பழைய வண்டி வாங்குபவர்களே, விற்பவரிடம் 'எடை மேடைவரை ஒரு முறை போய்வரலாம்' என்று கேளுங்கள். மறுத்தால் விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

3. கழித்தல் கணக்கு

மொத்த எடையிலிருந்து நீங்கள் போட்ட வெறும் எடையைக் கழியுங்கள். அதிலிருந்து வண்டியில் போகும் ஆட்களின் எடையையும் கழியுங்கள். என் கணக்கு: 7,490 – 3,570 – 140 = 3,780 கிலோ. ஆர்.சி.யை மட்டும் நம்பிப் போட்டபோது எனக்குக் கிடைத்த விடை 4,340.

அடுத்து மூட்டை. ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ என்பது சரக்கின் எடை. கோணிக்கு ஒரு கிலோ சேர்த்து 91 என்று வைத்துக்கொள்ளுங்கள். 41 மூட்டை என்றால் 3,731. மிச்சம் 49 கிலோ. எடை மேடைக்கு எடை மேடை வரும் வேறுபாட்டுக்கே அது போதாது. ஆகவே நான் 40 மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாடகை பேசும்போது இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'இன்னும் நாலு மூட்டைதானே' என்று கிடங்கில் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த நாலு மூட்டைக்காக நடுச்சாலையில் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

4. பாடி மாறியிருந்தால் ஆர்.சி.யைத் திருத்துங்கள்

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்டது இப்போது உங்கள் தலையில்தான் இருக்கிறது. எஃப்.சி. புதுப்பிக்கும் நாளில் அது எப்படியும் வெளியே வரும். எட்டு ஆண்டுகள் வரை பழைய வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். ஆகவே தப்பிக்கும் காலமும் அதிகமில்லை.

நான் கொண்டுபோனவை: ஆர்.சி. அசல், நடப்பு இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட், பாடி கட்டிய பட்டறையின் பில், அந்தப் பட்டறை தரும் படிவம் 22-ஏ, வெறும் வண்டி எடைச் சீட்டுகள் இரண்டு, கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம். கடைசிக் காகிதத்துக்குத்தான் அதிக நாள் ஆயிற்று. அதை முதலில் கேட்டு வாங்கிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

பட்டறை பில் கிடைக்காதது அடுத்த தலைவலி. பழைய உரிமையாளர் எங்கே கட்டினார் என்று தெரியாவிட்டால், நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ அங்கீகாரம் பெற்ற பாடி பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவையான திருத்தங்களைச் செய்துகொடுத்து, அவர்கள் பெயரில் சான்று தர ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் முடிந்தது.

விண்ணப்பத்தைப் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் போட்டு, கட்டணத்தை அங்கேயே கட்டி, நாள் குறித்துக்கொண்டு, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். உங்கள் ஆர்.சி. எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே போங்கள்: டி.என். 30 சேலம் மேற்கு, 54 கிழக்கு, 90 தெற்கு, 52 சங்ககிரி. எனக்கு நிதி நிறுவனக் கடிதத்துக்குப் பன்னிரண்டு நாள், மீதி வேலைக்கு ஒரு வாரம்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். 'பாஸிங்கை ஏற்றித் தருகிறேன்' என்று வருபவர்கள் உண்டு. பாடி மாறினால் வெறும் எடை மாறும். மொத்த எடை மாறாது. அது வண்டியைத் தயாரித்தவர் நிர்ணயித்தது. கனமான பாடி கட்டினால் சரக்கு குறையும், அவ்வளவுதான். கூடுதல் பட்டை வைத்து ஸ்பிரிங்கை வலுவாக்கினாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, பிரேக்கும் வலுவாகிவிடாது.

5. மொத்தம் சரியாக இருந்தாலும் ஆக்சில் தவறலாம்

புதியவர்கள் யாருமே பார்க்காத இடம் இது. மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருப்பதுபோல முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. உற்பத்தியாளரின் கையேட்டில் இருக்கும். என் வண்டிக்கு முன்னால் 2,700, பின்னால் 5,000. கூட்டினால் 7,700 வருகிறது. மொத்த வரம்போ 7,490. அந்த 210 கிலோ உங்களுக்குக் கிடைத்த சலுகை அல்ல. சரக்கு கொஞ்சம் முன்னும் பின்னும் இருந்தால் தாங்குவதற்காக விட்ட இடம்.

ஆக்சில் எடையைச் சாதாரண எடை மேடையிலேயே பார்க்கலாம். முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எண் வாங்குங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு எண். கழித்தால் பின் ஆக்சில் எடை. மேடையும் அதற்கு முன்னுள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் எண் ஏமாற்றும். பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்காமல், கியரை எடுத்துவிட்டு வண்டியைத் தளர்வாக நிறுத்துங்கள்.

நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். 40 மூட்டைகளையும் கேபின் பக்கச் சுவரை ஒட்டிச் சீராக அடுக்கியபோது முன்னால் 2,480, பின்னால் 4,870. இன்னொரு நாள் தொழிலாளர்கள் அவசரத்தில் முன்சுவரில் ஓரடி இடைவெளி விட்டு அடுக்கிவிட்டார்கள். அதே 40 மூட்டை, அதே 7,350 கிலோ. முன்னால் 2,130, பின்னால் 5,220. ஓரடி தள்ளியதில் 350 கிலோ பின்னால் போய்விட்டது. பின் ஆக்சில் வரம்பைத் தாண்டிவிட்டது.

சட்டத்தைவிட இது ஏன் முக்கியம் என்றால், முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் பிடிப்புக் குறையும். சக்கரத்தைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அந்த உணர்வு ஒருமுறை எனக்கு வந்தது. அதற்குப் பிறகு ஓரடி இடைவெளியைக்கூட நான் அனுமதிப்பதில்லை.

பின் ஆக்சிலுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வைக்கும் பாரம் இன்னும் மோசம். தராசில் ஒரு தட்டை அழுத்தினால் மறுதட்டு எழுவதுபோல, அது பின்னால் அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கும். வெல்லம், இரும்பு, எண்ணெய் டின் போன்ற கனமான சரக்கு முன்னாலும் கீழேயும். பொரி, தட்டு, அட்டைப்பெட்டி போன்றவை கதவுப் பக்கம். இந்த ஒழுங்கை ஏற்றுபவர்களிடம் ஏற்றத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பாதி ஏற்றிய பிறகு மாற்றச் சொன்னால் இரண்டு கூலி கேட்பார்கள், அது நியாயமும்கூட.

6. கண்ணை நம்பாதீர்கள்

திறந்த லாரியில் சரக்கு எவ்வளவு உயரம் என்பது வெளியே தெரியும். மூடிய பாடியில் கதவைச் சாத்திவிட்டால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஆறடி உயரம் இருக்கிறது. 40 மூட்டை ஜவ்வரிசி இடுப்பளவுக்குக்கூட வராது. மேலே காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் இன்னும் ஏற்றத்தான் தோன்றும். லீ பஜாரில் அரிசி, பருப்பு, சர்க்கரை ஏற்றினாலும் இதே கதைதான்.

பில்லில் உள்ள எடையைக் கூட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தாதீர்கள். பல கடைகளின் சரக்கு ஒரே வண்டியில் போகும்போது ஒவ்வொரு பில்லும் சிறியதாகத் தெரியும். மொத்தமாகக் கூட்டுபவர் நீங்கள் ஒருவர்தான். சோதனையில் அந்த பில்களும் இ-வே பில்லும் (சரக்கை அனுப்பும் முன் ஜி.எஸ்.டி. இணையத்தில் எடுக்கும் சீட்டு) கேட்கப்படும். அவற்றில் உள்ள அளவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். வேறு மாநிலத்துக்குப் போகும் சரக்கு 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம்.

மழையில் நனைந்த கோணி எடை கூடும். அதையும் மறக்காதீர்கள்.

7. ஏற்காட்டுக்கு ஏற்றுவதானால்

வாரம் ஒரு முறை மளிகைச் சரக்கோடு ஏற்காடு போகிறேன். வரும்போது காப்பிக்கொட்டை, மிளகு. சட்டத்தில் மலைக்குத் தனி எடை வரம்பு இல்லை, ஆர்.சி.யில் உள்ள அதே எண்தான். ஆனால் என் சொந்த வரம்பு வேறு. 3,780 கிலோ ஏற்றக்கூடிய வண்டியில் மலைக்கு 3,000 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று முதல் கியரில் ஏற வேண்டியிருக்கிறது. கிளட்ச் தகடு தேய்ந்து மாற்றும் செலவு, அந்த 780 கிலோவுக்கான வாடகையை எத்தனையோ பயணங்களுக்குத் தின்றுவிடும்.

ஏறும்போது மூட்டைகள் கதவைநோக்கிச் சரியும்; இறங்கும்போது கேபினைநோக்கி. மூடிய பாடிக்குள் கயிறு கட்ட கொக்கிகள் இல்லாத வண்டிகள் பல. என் வண்டியில் இரு பக்கச் சட்டங்களிலும் ஆறு ஆறு கொக்கிகள் பற்றவைத்தேன். அடுக்கு முடியும் இடத்தில் குறுக்கே கயிறு போட்டு இறுக்கிவிட்டுத்தான் அடிவாரத்தைத் தாண்டுவேன்.

வழியில் இறக்கும் வரிசையும் எடையை மாற்றும். ஒண்டிக்கடையில் பாதி, நாகலூரில் பாதி என்றால், ஒண்டிக்கடைச் சரக்கு கதவுப் பக்கம் இருக்க வேண்டும். அதை இறக்கிய பிறகு மீதி முன்னால் இருக்கும். வளைவுகளில் ஸ்டியரிங் உறுதியாக இருக்கும். மாற்றி அடுக்கி, முன்னாலிருந்ததை இழுத்து இறக்கினால், மீதிப் பாரம் முழுதும் வால் பக்கம் நின்றுவிடும். அந்த நிலையில் மலைச்சாலையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதீர்கள். மூட்டைகளை முன்னால் நகர்த்திவிட்டுப் புறப்படுங்கள்.

காப்பிப் பருவத்தில் இறங்கும்போதுதான் பாரம் ஏறும். உலர்ந்த கொட்டையும் அப்போது பறித்த ஈரப்பழமும் ஒரே மாதிரிச் சாக்கில் வரும், எடையில் பெரிய வேறுபாடு இருக்கும். மலை மேல் எடை போட வழியில்லாத தோட்டமானால், ஒரு சாக்கைத் தராசில் நிறுத்திப் பார்த்து எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மேலே ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி. நீங்கள் இறங்குபவரானால் ஒதுங்கி நில்லுங்கள்.

குப்பனூர் வழியாகவும் ஏற்காட்டுக்குச் சாலை உண்டு. பாரத்தோடு அந்த வழியை நான் எடுப்பதில்லை. கனமழை நாட்களில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும். அடிவாரத்தில் விசாரித்துவிட்டு ஏறுங்கள். நடுவழியில் பாரத்தோடு வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது.

கிராமச் சாலைகளில் சிறுபாலங்களின் முன் சிவப்பு வட்டத்துக்குள் டன் கணக்கில் ஓர் எண் இருந்தால், அது வண்டியும் சேர்ந்த மொத்த எடை. 'நம் சரக்கு மூன்று டன்தான், பலகையில் ஐந்து இருக்கிறது' என்று ஒருவர் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர் வண்டி மட்டுமே மூன்றரை டன் இருக்கும். வட்டத்துக்குள் எண்ணோடு ஆக்சில் படம் இருந்தால் அது ஓர் ஆக்சிலின் எடை வரம்பு.

8. 3,000, 7,500: இந்த இரண்டு எண்களும் என்ன செய்கின்றன

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் வேண்டும். வேறு மாநிலத்துக்கு முறையாகப் போய்வர தேசிய பர்மிட் எடுங்கள்: ஆண்டுக்கு 16,500 ரூபாயும், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாயும். இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வயதைத் தாண்டினால் தேசிய பர்மிட் கிடையாது. பழைய வண்டியை வெளிமாநில ஓட்டத்துக்காக வாங்குபவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

7,500 கிலோ வரை இலகுரக வாகனம். சாதாரண கார் ஓட்டும் உரிமம் உள்ளவரும் இந்த வரம்புக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே பல வண்டிகள் பதிவாவதற்குக் காரணம் இந்த இலகுரக வரம்புதான். அதற்கு மேற்பட்ட வண்டிக்கு உரிய உரிமம் இல்லாத ஓட்டுநரை ஏற்றாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

9. நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்

எடை போடச் சொன்னால் போடுங்கள். முன்னே செல்லும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடைக்கு உங்களை வரச்சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மறுத்தாலோ, எடை போடுவதற்குள் சரக்கை இறக்கினாலோ அபராதம் 40,000 ரூபாய். ஒத்துழைத்து, அதிக பாரம் என்று தெரியவந்தால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2019 செப்டம்பரிலிருந்து இதுதான் சட்டம். அந்த அடித்தொகை நூறு கிலோவுக்கும் அதேதான், ஐந்நூறு கிலோவுக்கும் அதேதான். சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. பின்கதவைத் திறந்து கட்டிக்கொண்டு குழாய் ஏற்றுபவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஓட்டுநர் ஏற்றினார், எனக்குத் தெரியாது என்று உரிமையாளர் சொல்ல முடியாது. உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஓட்டுநரின் உரிமமும் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்படலாம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு அது பெரிய அடி. இறக்குக் கூலியாட்களை மூடிய பாடிக்குள் உட்காரவைத்து அழைத்துப் போவதும் அதே தண்டனைக்குரியது. காற்றில்லாத பெட்டிக்குள், சரியக்கூடிய மூட்டைகளுக்கு நடுவே மனிதர்களை ஏற்றவே கூடாது.

மிகுதியை இறக்கும் பொறுப்பும் செலவும் உங்களுடையவை. இறக்கிய சரக்குக்குச் சேதம் வந்தாலும் உங்கள் கணக்கில்தான். ஆகவே உடனே இரண்டு தொலைபேசி அழைப்புகள்: மாற்று வண்டிக்கு ஒன்று, சரக்கு உரிமையாளருக்கு ஒன்று. அவரிடம் மறைக்காதீர்கள், தாமதத்துக்கான காரணத்தைப் பிறர் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. கதவுப் பக்கத்திலிருந்து இறக்குங்கள், பின் ஆக்சிலும் சேர்ந்து குறையும். சரக்கு இரண்டு வண்டியாகப் பிரிந்தால், இ-வே பில்லில் 'மல்டி வெஹிகிள்' என்ற வசதியில் மாற்று வண்டியின் எண்ணையும் அதில் போகும் அளவையும் பதியவைத்துவிட்டுத்தான் அந்த வண்டியை அனுப்ப வேண்டும். அபராதத்தை இ-சலான் வழியாகக் கட்டி ரசீதைப் பதிவிறக்கி வையுங்கள்.

பிறகு அதே எடை மேடையில் மறுபடியும் எடை போட்டு இரண்டாவது சீட்டை வாங்குங்கள். நான் அன்று அதை வாங்காமல் கிளம்பிவிட்டேன். ஓசூருக்கு முன் மீண்டும் நிறுத்தியபோது கையில் 8,080 என்ற பழைய சீட்டு மட்டும்தான் இருந்தது. எட்டு மூட்டை இறக்கியதை நிரூபிக்க, வண்டியை இன்னொரு முறை மேடையேற்ற வேண்டியதாயிற்று. இரவு பதினொரு மணிவரை அங்கேயே நின்றேன்.